கம்பம் பன்னீர் திராட்சைக்குப் பிரான்ஸில் ஓர் உடன்பிறப்பு!

கொடி ஒன்று, மலை இரண்டு... புதுக்கோட்டை விவசாயிக்கு அதில் என்ன பாடம்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தைச் சுற்றிவந்தால் பலா, வாழை, தென்னை, பூ என்று எதற்கும் குறைவிருக்காது. திராட்சை மட்டும் வெளியூர் சரக்காகவே வந்து இறங்குகிறது. ‘தேனி மாவட்டத்து மண்ணில் காய்க்கும் கொடி நம் செம்மண்ணில் காய்க்காதா?’ என்ற கேள்வி, தோட்டக்கால் வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் இயல்பாகவே எழும்.

கொடி வரும். ஆனால், கொடி வந்தால் மட்டும் போதுமா, விலையும் வருமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு விடை தேட, இந்தத் திராட்சையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது பிரான்ஸ் வரை இழுத்துச் செல்கிறது.

ஒரே ரகம், இரண்டு மலை

கம்பம் பள்ளத்தாக்கில் ‘பன்னீர் திராட்சை’ என்று அழைக்கப்படும் ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ‘சியாவா குரோசா’ என்ற கறுப்புத் திராட்சைக்கும், ‘மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா’ என்ற வாசனைத் திராட்சைக்கும் பிறந்த கலப்பு இது. நிறம் ஒரு பக்கத்திலிருந்தும், பன்னீர் மணம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது. தமிழ்நாட்டுக்குப் பன்னீர் திராட்சையை 1832-ம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது.

இதே மஸ்கட் ஹாம்பர்க், பிரான்ஸின் தென்கிழக்கில் வோக்ளூஸ் மாவட்டத்தில் ‘வான்தூ’ என்ற மலையின் சரிவுகளில் இன்றும் சாகுபடியாகிறது. பிரான்ஸ் என்றால் போர்டோ, ஷாம்பெய்ன் என்ற பெயர்கள்தான் உலகம் முழுக்கத் தெரியும். வான்தூ அந்த அளவுக்குப் பேர் வாங்காத பகுதி. ஆனால், அங்கே விளையும் ‘வான்தூ மஸ்கட்’ என்ற சாப்பாட்டுத் திராட்சைக்கு 1997-ம் ஆண்டிலேயே அரசின் தோற்றப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல். ஆக, ஒரே ரகம் இரண்டு நாடுகளில், இரண்டு மலையடிவாரங்களில், இரண்டு ஊர்ப் பெயர்களோடு பதிவாகியிருக்கிறது.

மலை செய்யும் வேலை

வான்தூ மலையின் உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். வடக்கிலிருந்து ரோன் நதிப் பள்ளத்தாக்கு வழியாக ‘மிஸ்த்ரல்’ என்ற வறண்ட குளிர்காற்று சீறிக்கொண்டு வரும். மலையும் அதை ஒட்டிய குன்றுகளும் அந்தக் காற்றின் வேகத்தைத் தணிக்கின்றன. பகலில் நல்ல வெயில், இரவில் மலைக்குளிர். பகல் வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றும். இரவுக் குளிர் நிறத்தையும் மணத்தையும் புளிப்பையும் காப்பாற்றும்.

கம்பத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மறுபக்கத்திலேயே கொட்ட வைத்துவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் இதமான காற்றும் வெயிலும் கிடைக்கின்றன. பாசனத்துக்கு, 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு மலையைக் குடைந்து வந்த தண்ணீர் இருக்கிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று பந்தல் வரிசை நீளுவதற்கு இந்த மூன்றும் சேர்ந்து அமைந்ததே காரணம்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பிரான்ஸில் குளிர்காலம் வந்ததும் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும். நம் வெப்பத்தில் கொடி தூங்குவதில்லை. கவாத்துக் கத்தரிதான் அதை எழுப்பிக் காய்க்க வைக்கிறது. அதனால் கம்பத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை எடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. விளைச்சல் அளவில் நம் கொடி வான்தூ கொடியைவிடச் சளைத்ததல்ல. வித்தியாசம் விற்கும் முறையில் இருக்கிறது.

திருடனை விரட்டத் தெளித்த மருந்து

நம் விவசாயிகளுக்குப் பிரான்ஸ் ஏற்கெனவே பழக்கமான பெயர்தான். தென்னை, வெற்றிலை, எலுமிச்சை என்று பலவற்றுக்கும் பயன்படும் ‘போர்டோ கலவை’ அங்கேதான் பிறந்தது.

1878-வாக்கில் அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களில் பரவியது. இலைகள் காய்ந்து உதிர்ந்தன. போர்டோ பகுதியில் சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதை மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து சாலையோரக் கொடிகளில் தெளித்து வைப்பது அங்கே வழக்கம். நீலம் பூசிய பழத்தை யாரும் தொட மாட்டார்கள். அந்தக் கலவைதான் நோயையும் தடுத்திருக்கிறது என்பதை அவர் கண்டறிந்து, 1885-ல் வெளியிட்டார்.

1 சதவிகிதப் போர்டோ கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் தேவை. மயில்துத்தத்தை 50 லிட்டரிலும் சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. பளபளப்பான கத்தியைக் கரைசலில் நனைத்து எடுத்தால் அதில் செந்நிறம் படியக் கூடாது. படிந்தால், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

வேர் மாறியது, கொடி பிழைத்தது

அடிச்சாம்பலுக்கு முன்பே இன்னொரு பேரிடி விழுந்திருந்தது. 1863-ல், வோக்ளூஸுக்குப் பக்கத்து மாவட்டமான ‘கார்’ பகுதியில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. வேரில் சாறு உறிஞ்சும் ‘ஃபில்லாக்சீரா’ என்ற சிறு பூச்சிதான் காரணம். இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அடுத்த சில பத்தாண்டுகளில் பிரான்ஸின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்களை அது அழித்துவிட்டது.

எந்த மருந்தும் பெரிதாக உதவவில்லை. கடைசியில் கைகொடுத்தது ஒட்டுக்கட்டுதல். பூச்சியோடு சேர்ந்தே வளர்ந்த அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அதைத் தாங்கிக்கொள்ளும். அந்த வேர்ச்செடியில் பிரெஞ்சு ரகத்தை ஒட்டினார்கள். சுண்டைக்காய் வேரில் கத்தரியை ஒட்டுவது போலத்தான் இதுவும். இன்று பிரான்ஸில் பெரும்பாலான கொடிகள் இப்படி வேறு வேரில்தான் நிற்கின்றன. நம் நாட்டிலும் உப்புத்தன்மை, வறட்சி, நூற்புழு உள்ள இடங்களில் ‘டாக்ரிட்ஜ்’ என்ற அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றுகளே பரிந்துரைக்கப்படுகின்றன.

பெயருக்குக் கட்டிய வேலி

நோயும் பூச்சியும் ஓய்ந்த பிறகு விலை சரிந்தது. சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலி ஒயின் சந்தையை நிறைத்தது. தென் பிரான்ஸின் சிறு விவசாயிகள் 1907-ல் வீதிக்கு வந்தார்கள். மோன்பெல்லியே நகரில் ஜூன் 9 அன்று லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். நார்போன் நகரில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. அதே மாதக் கடைசியில் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது.

ஆனால், சட்டம் மட்டுமே விலையைக் காப்பாற்றாது என்பதை விவசாயிகள் உணர்ந்திருந்தார்கள். வான்தூவுக்கு அருகில், அதே வோக்ளூஸில், ஷாத்தோநெஃப் த்யு பாப் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1923-ல் திராட்சை விவசாயிகள் பாரோன் லெ ருவா என்பவர் தலைமையில் ஒன்றுகூடித் தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கொண்டார்கள். எந்த நிலத்தில் விளைந்தால் ஊர்ப் பெயர் போடலாம், எந்த ரகம் நடலாம், எப்படிக் கவாத்து செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் வரையறுத்தார்கள். அறுவடையில் குறைந்தது 5 சதவிகிதத்தைக் கட்டாயமாகக் கழித்து ஒதுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். நெருப்பு மாதிரியான அந்த விதிகள்தான், 1935-ல் பிரான்ஸ் முழுமைக்கும் வந்த தோற்றப் பெயர்ச் சட்டத்துக்கு முன்மாதிரி ஆயின.

வான்தூ ஒயினுக்கு இந்தத் தகுதி 1973-ல் கிடைத்தது. கிரெனாஷ், சிரா, கரிஞான், சான்சோ போன்ற கறுப்பு ரகங்களே அங்கே முதன்மை. அதனால் சிவப்பு ஒயினும், இளஞ்சிவப்பு ஒயினும் அதிகம். கிளெரெட் போன்ற ரகங்களிலிருந்து வெள்ளை ஒயின் கொஞ்சம் வருகிறது. ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவுக்கு மேல் எடுத்தால் வான்தூ என்ற பெயர் கிடையாது என்று மகசூலுக்கு மேல்வரம்பே உண்டு. ‘அதிகம் விளைந்தால் தண்டனையா?’ என்று நமக்கு வியப்பாக இருக்கலாம். கொடியில் கொத்து கூடினால் பழத்தில் சாரம் குறையும்; சரக்கு கூடினால் சந்தையில் விலை குறையும். இரண்டையும் ஒரே விதியால் கட்டுகிறார்கள்.

அங்கே சிறு விவசாயிகள் பலர் சொந்தமாக ஆலை வைத்திருப்பதில்லை. நம் ஊரில் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது போல, கூட்டுறவு ஒயின் ஆலையில் பழத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எடையோடு சர்க்கரை அளவும் பார்க்கப்படும். பாலுக்குக் கொழுப்பு பார்ப்பது மாதிரிதான்.

வான்தூ மஸ்கட் சாப்பாட்டுப் பழத்துக்கும் இதே கண்டிப்பு உண்டு. கொத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும். வெடித்த பழம், சிறுத்த பழம் இருந்தால் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிடுவார்கள். பழத்தின் மேல் சாம்பல் பூத்தது போலிருக்கும் மெழுகுப் படலம் கலையாமலிருக்க, காம்பைப் பிடித்தே தூக்குவார்கள். நிறமும் இனிப்பும் போதிய அளவு வராத பழம் அந்தப் பெயரில் பெட்டிக்குள் போகாது.

நம் சந்தையில் சறுக்கும் இடம் இதுதான். மாம்பழம், வாழையைப் போலத் திராட்சை பறித்த பிறகு பழுக்காது. கொடியில் ஏறிய இனிப்பு எவ்வளவோ, அவ்வளவுதான். விலை நன்றாக இருக்கிறதே என்று பத்து நாள் முன்னதாக வெட்டினால், வெட்டியவருக்கு அன்றைக்கு லாபம். வாங்கிச் சாப்பிட்டவர் ‘பன்னீர் திராட்சை புளிக்கும்’ என்று முடிவு கட்டிவிட்டால், அந்த நஷ்டம் பொறுமையாகக் காத்திருந்த பக்கத்துத் தோட்டக்காரருக்கும் சேர்த்துத்தான்.

புதுக்கோட்டையில் வருமா?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புப்படி, திராட்சைக்கு நல்ல வடிகால் உள்ள வளமான இருமண் நிலம் வேண்டும். கார அமிலத்தன்மை 6.5 முதல் 7 வரை இருப்பது நல்லது. பன்னீர் ரகத்துக்கு இடைவெளி 3 மீட்டருக்கு 2 மீட்டர். ஏக்கருக்குச் சுமார் 670 கொடிகள் பிடிக்கும். நடவுக்கு ஜூன், ஜூலை ஏற்றது. நன்கு பராமரித்த தோட்டத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன், அதாவது ஏக்கருக்கு 12 டன் வரை எதிர்பார்க்கலாம்.

டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. மே, ஜூனில் கவாத்து செய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. பன்னீர் ரகத்தில் நல்ல குச்சிகளில் நான்கு மொட்டு விட்டு வெட்ட வேண்டும். மெலிந்த குச்சிகளில் ஒன்றிரண்டு மொட்டு போதும்.

இந்தக் கணக்கைப் புதுக்கோட்டைக்குப் பொருத்திப் பார்த்தால் சாதகம், பாதகம் இரண்டும் தெரியும்.

மழை: மாவட்டத்தின் முதன்மையான மழைக்காலம் வடகிழக்குப் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொத்து இல்லாதபடி மேற்சொன்ன கவாத்து மாதங்களை அமைத்துக்கொள்ளலாம். ஆனாலும், அந்த மாதங்களில் இலையைத் தாக்கும் அடிச்சாம்பல் நோயிடமிருந்து கொடியைக் காப்பாற்றியே ஆக வேண்டும். மலை மறைவில் இருக்கும் கம்பம் விவசாயிக்கு இருக்கும் வசதி இங்கே இல்லை.

காற்று: 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை இந்த மாவட்டம் மறக்காது. கல்தூணும் கம்பியுமாக நிற்கும் பந்தலுக்குப் பெரிய முதலீடு வேண்டும். வடகிழக்குப் பக்கம் காற்றுத்தடுப்பு மரவரிசை இல்லாமல் பந்தல் போடுவது துணிச்சலல்ல, சூதாட்டம்.

தண்ணீர்: மணமேல்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புத் தண்ணீர் பெரிய தடை. உள்பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் ஒரு கன்றுகூட வாங்கக் கூடாது.

ஆகவே, ஆர்வம் உள்ளவர்கள் முதலில் மண்ணையும் நீரையும் பரிசோதிக்க வேண்டும். பிறகு ஐந்து சென்ட், பத்து சென்ட் அளவில் ஒட்டுக்கன்று நட்டு இரண்டு மழைக்காலம் பார்ப்பதே புத்திசாலித்தனம். உள்ளூர் ஆலோசனைக்கு வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தையும், வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தையும் அணுகலாம். தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நடுவதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவருவது, பின்னால் பல ஆயிரங்களை மிச்சப்படுத்தும்.

கேள்விகளும் பதில்களும்

புதுக்கோட்டையில் விளைவித்துக் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்று விற்கலாமா?

கூடாது. புவிசார் குறியீடு என்பது ரகத்துக்கு அல்ல, அந்த மண்ணில் விளைந்த பொருளுக்கு. 1999-ம் ஆண்டுச் சட்டப்படி, பொய்யாகக் குறியீட்டுப் பெயரைப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ‘பன்னீர் திராட்சை’ என்று ரகத்தின் பெயரோடு உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கலாம்.

கம்பத்து விவசாயி என்றால் தானாகவே குறியீட்டைப் பயன்படுத்தலாமா?

இல்லை. குறியீடு பதிவான பிறகு, ஒவ்வொரு விவசாயியும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்’ என்று சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் தனியாகப் பதிவுசெய்துகொள்ள வேண்டும்.

மீந்த பழத்தில் வீட்டிலேயே ஒயின் தயாரித்து விற்கலாமா?

முடியாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் குற்றம். சாறு, ஸ்குவாஷ், ஜாம் தயாரிக்கலாம். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அவசியம்.

பன்னீர் திராட்சையில் உலர் திராட்சை போடலாமா?

விதையுள்ள ரகம் என்பதால் சந்தையில் எடுபடாது. அதற்குத் தாம்சன் சீட்லெஸ் போன்ற விதையில்லா ரகங்களே ஏற்றவை.

நம் பெயர் எங்கே?

கொடியை ஒரு பாதிரியார் மூட்டையில் கட்டிக் கொண்டுவந்துவிடலாம். ஊரின் பெயரை அப்படிக் கொண்டுவர முடியாது. வான்தூவும் கம்பமும் ஒரே ரகத்தை வைத்துக்கொண்டு வெவ்வேறு பெயரில் நிற்பதே இதற்குச் சாட்சி. மதுரை மல்லி, ஈரோடு மஞ்சள், விருப்பாச்சி மலைவாழை எல்லாம் அப்படி ஊர்ப் பெயரால் நிற்பவைதான்.

புதுக்கோட்டை மாவட்டத்திலும் அப்படி ஒரு பழம் தோப்புத் தோப்பாகக் காய்த்துத் தொங்குகிறது. பலா என்றதும் சந்தையில் பண்ருட்டிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆலங்குடி, வடகாடு செம்மண்ணில் விளையும் பலாவுக்கு என்ன தனிச்சுவை, எந்த மரத்துச் சுளை எத்தனை நாள் தாங்கும், எந்தப் பழத்தை லாரியில் ஏற்றக் கூடாது என்பதெல்லாம் அங்குள்ள விவசாயிகளுக்குத் தெரிந்ததே. 1923-ல் ஒரு சிறிய பிரெஞ்சு ஊரின் விவசாயிகள் அதிகாரிகள் வரும்வரை காத்திருக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்ததைக் காகிதத்தில் எழுதி, தரம் குறைந்ததை ஊர்ப் பெயரில் விற்க மாட்டோம் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள். சட்டம் அதன் பின்னால்தான் வந்தது.

திராட்சைப் பந்தல் போடுவதா வேண்டாமா என்பதை மண் பரிசோதனை அறிக்கை முடிவு செய்யட்டும். அந்தப் பத்துப் பேர் கூடி ஒரு விதி எழுதுவதற்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. அடுத்த பலா சீஸனுக்குள்ளேயே அதைத் தொடங்கிவிடலாம்.